ஞானமகளுக்கு ஒரு ஜோடி ஹீல்ஸ்

எங்கள் ஊரைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் இன்டர்நெட்டில் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் விடுதியில் தங்க வருகிறவர்களே வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். ஹோண்டுராஸ் போனால் சான் பெத்ரோவில் இறங்காதே. இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் அறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள். விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடிவிடு. இப்படி எழுதினவன் வாயில் கொள்ளியை வைக்க! நாங்களெல்லாம் இங்கேயே பிறந்து, வளர்ந்து, கல்யாணம் கட்டி, கறிக்கடைக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டு நன்றாகத்தானே இருக்கிறோம்?

முழுக்க நன்றாக இருக்கிறோம் என்று சொன்னால் அதுவும் பொய். அதற்கு வருகிறேன். முதலில் என் பெண்டாட்டி தெல்மியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது அவள் கதை. நான் அனிபால். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இந்த விடுதிக்குப் பெயரளவில் முதலாளி. நான்கு அறை, ஒரு முற்றம், ஒரு மாமரம், அவ்வளவுதான் எங்கள் சாம்ராஜ்யம். அதை ஆள்கிறவள் அவள். தீவுகளுக்குப் போகும் கப்பலைப் பிடிக்கக் கடற்கரைப் பஸ்ஸில் போக வேண்டும். அந்தப் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் ஒரு ராத்திரி எங்களிடம் தங்குவார்கள்.

அதிலும் தனியாக வருகிற பெண்கள் என்றால் தெல்மிக்குக் கை கால் ஓடாது. தன்னைவிடப் பெரிய பையை முதுகில் சுமந்துகொண்டு, வெயிலில் தக்காளி மாதிரிச் சிவந்து, கையில் போனை நீட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே இவள் ஆரம்பித்துவிடுவாள்.

"போனைக் கையில வச்சிக்கிட்டா தெருவுல நடந்து வந்த? மூளைய எந்த ஊர்ல விட்டுட்டு வந்த? உள்ள வா, முதல்ல தண்ணி குடி. ஆறு மணிக்கு மேல வாசப்படி தாண்டினா முதுகுல தோல் இருக்காது, சொல்லிட்டேன்."

பாதி பேருக்கு எங்கள் மொழி புரியாது. ஆனால் திட்டு புரிந்துவிடும். சிரித்துக்கொண்டே உள்ளே வருவார்கள். தெல்மி மாவைத் தட்டி, சுட்டு, பீன்ஸ் விழுதும் வெண்ணெயும் வைத்து மடித்துப் பலேயாதா கொடுப்பாள். அதைச் சாப்பிட்டு முடித்ததும் அழுத பெண்களைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. ஒன்று வந்தது, தங்கவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்குத் தெம்பு கிடையாது. அப்போது தெல்மி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மிஷினில் இருந்தாள். அடுத்த மிஷின்காரி ஒனெய்தா. இவள் அழுதுகொண்டே தைத்த நாட்களில் அவள்தான் இவள் பங்குத் துணியையும் சேர்த்துத் தைத்துத் தள்ளினாள். பிறகு ஒனெய்தாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைச் சர்ச்சுக்குத் தூக்கிப் போனவள் தெல்மி. அன்றிலிருந்து யாரெலி என்ற அந்தப் பெண்ணுக்கு இவள் ஞானத்தாய். அம்மாவும் ஞானத்தாயும் ஒருவரை ஒருவர் கோமாத்ரே என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். எங்கள் ஊரில் கூடப்பிறந்தவர்கள் சண்டை போட்டுப் பேசாமல் இருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கோமாத்ரே இரண்டு பேர் முகம் திருப்பிக்கொண்டால் தெருவே கூடி நியாயம் பேசும்.

ஒனெய்தாவின் வீடு அந்தக் காலத்தில் வாழைக்காய் ஏற்றிய ரயில் ஓடிய தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். ரயில் எப்போதோ நின்றுவிட்டது. கோழிதான் மேயும். யாரெலி நடக்கப் பழகினதே அந்தத் தண்டவாளத்தின் மேல்தான்.

பிறகு அந்தப் பக்கத்தை ஒரு கும்பல் எடுத்துக்கொண்டது, இந்தப் பக்கத்தை இன்னொரு கும்பல் எடுத்துக்கொண்டது. யாரும் சுவர் கட்டவில்லை, பலகை வைக்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். மூலைக்கு மூலை ஆள் நிற்கும். தெரியாத முகமாக இருந்தால் அடையாள அட்டையைக் கேட்பார்கள். அதில் அடுத்த பக்கத்து விலாசம் இருந்தால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. மாமனாருக்குப் பிறந்தநாள் என்று தாண்டிப் போன எங்கள் தெருத் தச்சன் திரும்பி வரவில்லை. ஊருக்கு நடுவில், கடைத்தெருவில் சந்தித்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். சந்தித்தார்கள். அடுத்த நாள் ஒனெய்தாவின் மூலையில் நின்றவன், "அந்தப் பக்கத்துப் பொம்பளையோட உனக்கென்ன குசுகுசுப்பு?" என்று கேட்டிருக்கிறான். அதோடு அதுவும் நின்றது. மூன்று வருஷமாக எல்லாம் போனில்தான். போனில் முகத்தைப் பார்த்து, போனில் திட்டி, போனில் கொஞ்சி.

இப்படி இருக்கும்போது யாரெலிக்குப் பதினைந்து வயது வந்தது.

பதினைந்து என்றால் எங்களுக்குக் கல்யாணம் மாதிரி. பெண் பெரிய பாவாடை கட்டிக்கொண்டு தட்டைச் செருப்போடு வந்து நாற்காலியில் உட்காருவாள். ஞானத்தாய் எல்லோர் முன்னாலும் முழங்கால் போட்டு, அந்தச் செருப்பைக் கழற்றி, முதன்முதலாக ஹீல்ஸ் மாட்டிவிடுவாள். அப்புறம்தான் நடனம். அதற்குப் பிறகுதான் அவள் குமரி. தெல்மி கடைக்குப் போய் ஒரு ஜோடி வாங்கிவந்து மேஜைமேல் வைத்துவிட்டாள். வெள்ளை ஹீல்ஸ், பக்கத்தில் சின்ன முத்து. போய் மாட்டிவிடத்தான் வழியில்லை.

விழா நாளான அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஹனா என்று ஒரு பெண் வந்தாள். செக் நாட்டுக்காரி. குட்டை முடி, நெட்டை உருவம், மண் படிந்த மலையேறும் பூட்ஸ். பல மாதமாகத் தனியாகவே ஊர் ஊராகச் சுற்றுகிறாளாம். பஸ் போய்விட்டது. தெல்மி அன்றைக்குத் திட்டக்கூட இல்லை. சாப்பாடு போட்டாள், படுக்கை விரித்தாள், போய்விட்டாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது.

சற்று நேரம் கழித்துப் பார்த்தால், மஞ்சள் கவுன், உதட்டுச் சாயம், கையில் செருப்புப் பெட்டி. தெல்மி வாசலை நோக்கி வருகிறாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"யாரெலி வீட்டுக்கு."

"உனக்கென்ன பைத்தியமா? அட்டைய எடும்பான். விலாசத்தைப் பாப்பான். அப்புறம் என்னடி செய்வ?"

"பிள்ளைக்குச் செருப்பு போட்டுவிட வந்தேன்னு சொல்வேன்."

"சொல்லு, சொல்லு. அவனும் அப்படியா தாயே, வாங்க, உக்காருங்கன்னு நாற்காலி போடுவான்."

"போடட்டுமே."

"ஏ தெல்மி, விளையாடாத."

"யாருய்யா விளையாடுறா? அவ பிடிவாதம் உனக்குத் தெரியாதா? ஞானம்மா வரலன்னா எனக்கு ஹீல்ஸே வேணாம், யார் வந்தாலும் காலை நீட்ட மாட்டேன்னு உக்காந்திருக்கா. அத்தனை சனத்துக்கு முன்னால தட்டைச் செருப்போட நிக்கப் போறா. எனக்காக நிக்குது அந்தப் பிள்ளை. நான் இங்க உக்காந்து வெங்காயம் உரிக்கணுமா?"

நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். "என்னைத் தள்ளிட்டுப் போ, பாப்போம்" என்றேன். அவள் என் தோள் உயரம்தான். ஆனால் தள்ளிவிட்டுப் போயிருப்பாள், சத்தியமாகச் சொல்கிறேன். இருபது வருஷமாகச் சேர்ந்து வாழ்ந்தவளை அன்றைக்கே பறிகொடுத்துவிடப் போகிறேன் என்று பயந்துபோனேன். அதை மறைக்கத்தான் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

மாமரத்தடிக் குழாயில் காலுறை துவைத்துக்கொண்டிருந்த ஹனா சோப்புக் கையோடு எழுந்து வந்தாள். அவளுக்கு எங்கள் மொழி நொண்டி நொண்டித்தான் வரும்.

"என்ன ஆச்சு? ஏன் சண்டை?"

"ஒண்ணுமில்லம்மா, குடும்ப விஷயம். நீ போய்த் துணியை அலசு" என்றேன்.

தெல்மி கேட்பாளா? வாசற்படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள், தையல் மிஷினில் இருந்து தச்சன்வரை. ஹனா குந்தி உட்கார்ந்து கேட்டாள். கையிலிருந்த சோப்பு காய்ந்தே போனது.

"அந்தத் தண்டவாளம். நான் தாண்டலாமா? என் அட்டையில இந்த ஊர் விலாசம் இல்ல" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் தெல்மி பாய்ந்தாள். "ஐயையோ, வேணவே வேணாம்! ஒரு ராத்திரி தங்க வந்த பிள்ளை நீ. உனக்கு ஒண்ணுன்னா உங்கம்மா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"பயம் இருக்கு" என்றாள் ஹனா. வார்த்தை வார்த்தையாகத் தேடிச் சொன்னாள். "ஆனா கேளுங்க. இத்தனை மாசமா எல்லா ஊர்லயும் எனக்குச் சோறு போட்டாங்க. வழி காட்டினாங்க. மழையில உள்ள கூப்பிட்டாங்க. நான் நன்றி சொன்னேன், போயிட்டேன். நன்றி, போயிட்டேன். நன்றி, போயிட்டேன். யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. எனக்கே வெக்கமா இருக்கு. நீங்க கேளுங்க."

தெல்மி என்னைப் பார்த்தாள். நான் தெல்மியைப் பார்த்தேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு கேவலமான சந்தோஷம் வந்தது: என் பெண்டாட்டி போகாமல் இருந்தால் போதும் என்று. அடுத்த நொடியே, யார் பெற்ற பிள்ளையோ என்று மனசு அடித்துக்கொண்டது.

ஞானத்தாயால் வர முடியாவிட்டால் அவள் பெயரில் இன்னொருத்தி நிற்கலாம், சர்ச்சே அதை ஒத்துக்கொள்ளும். ஆனால் எங்கள் வழக்கப்படி அவள் ஞானத்தாய் வீட்டு ஆளாக இருக்க வேண்டும். தெல்மி கண்ணைத் துடைத்துக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தாள்.

"நீ எங்க வீட்டுல சாப்பிட்டியா?"

"ரெண்டு பலேயாதா. ஒண்ணுல முட்டை."

"எங்க வீட்டுல உனக்குப் படுக்கை போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"உன்னை நான் திட்டினேனா?"

"இன்னிக்கு இல்ல."

"அதனால என்ன, நாளைக்குத் திட்டுறேன். நீ எங்க வீட்டுப் பொண்ணு."

ஒனெய்தாவைப் போனில் கூப்பிட்டோம். அவள் முதலில் மகளிடம் கேட்டாள். "ஞானம்மா கையால சாப்பிட்டவளா? அவங்கதான் அனுப்புறாங்களா? அப்ப வரச் சொல்லு" என்று யாரெலி கத்தியது எங்களுக்கே கேட்டது. அப்புறம் ஒனெய்தா மூலைக்குப் போய் அங்கே நிற்பவனிடம் பேசிவிட்டு வந்தாள். வெளிச்சம் இருக்கும்போதே வர வேண்டும், தனியாக நடந்து வர வேண்டும், விடிந்தபிறகுதான் திரும்பிப் போக வேண்டும், பையோ கேமராவோ கூடாது. கொடுங்கோல் ராஜாக்கள்கூட இவ்வளவு சட்டம் பேசியிருக்க மாட்டார்கள்.

அதன்பிறகு எங்கள் முற்றத்தில் ஒரே கூத்து. தெல்மி தன் மஞ்சள் கவுனைக் கழற்றி ஹனாவுக்கு மாட்டினாள். நெட்டைப் பெண்ணுக்கு அது முட்டிக்கு மேல் நின்றது. கீழே அந்த மண் பூட்ஸ். நான் சிரித்துவிட்டேன். "நீ சிரிச்சா அடுப்புல வச்சிருவேன்" என்றாள் தெல்மி, அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, என் முரட்டுக் காலை நீட்டச் சொல்லி ஒத்திகை பார்த்தார்கள். முழங்கால் போட வேண்டும், இடது காலில் ஆரம்பிக்க வேண்டும், மாட்டிவிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "நீ நடக்கிற வழியெல்லாம் உன் ஞானம்மா கூட நடக்கிறா, மகளே." ஹனா அதைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். மூன்றாவது தடவை சொன்னபோது தெல்மி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வெயில் சாய ஆரம்பித்ததும் மூன்று பேரும் கடைசிக் கடைவரை நடந்தோம். அதற்கு மேல் நாங்கள் போகக் கூடாது. ஹனா செருப்புப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தனியாக நடந்தாள். எந்த மூலையிலும் எவனும் அசையவில்லை. அந்தப் பக்கத்தில் ஒனெய்தா நின்றுகொண்டிருந்தாள், தலையில் சுருள் கிளிப்புகளோடு. தெல்மி கையைத் தூக்கினாள். அவளும் தூக்கினாள். கூப்பிட்டுப் பேசுகிற தூரம்தான். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. ஹனா தண்டவாளத்தைத் தாண்டி அவள் கையைப் பிடித்ததும்தான் நான் மூச்சு விட்டேன்.

சாயங்காலம் ஒனெய்தா போனில் காட்டினாள். கூட்டத்தில் யார் யாரோ முட்டி மோதினார்கள். நடுவில் யாரெலியின் முகம். கடவுளே, எவ்வளவு அழகு! ஹனாவின் தலை கீழே குனிந்தது தெரிந்தது. யார் முதுகோ கொஞ்ச நேரம் மறைத்துக்கொண்டது. அப்புறம் கைதட்டல், இசை, சுழலும் பாவாடை. யாரெலி போனைப் பார்த்து, "போட்டாச்சு ஞானம்மா!" என்று கத்தினாள். தெல்மி போன் திரையை முத்தமிட்டு எச்சிலாக்கிவிட்டாள். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்?

விடிந்து வெகுநேரம் ஆகவில்லை, ஹனா வந்துவிட்டாள். மஞ்சள் கவுனில் கேக் கறை. கையில் மடித்த அட்டை ஒன்று. தெல்மி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, தலை முதல் கால்வரை தடவிப் பார்த்து, காப்பியைக் கையில் திணித்து உட்காரவைத்தாள்.

"சொல்லு, ஒண்ணு விடாம சொல்லு."

ஹனா என்னைப் பார்த்தாள், காப்பியைப் பார்த்தாள்.

"அம்மா, செருப்பு சேரல."

"என்ன?"

"சின்னது. விரல் மட்டும் உள்ள போச்சு. குதிகால் வெளிய."

தெல்மி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் சொன்னாள். கடைக்காரப் பெண் அளவு கேட்டாளாம். இவளுக்கு ரோஷம் வந்துவிட்டதாம். ஞானத்தாயிடம் போய்ப் பிள்ளையின் கால் அளவைக் கேட்பதா? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் புதுச் செருப்பு எடுத்துக் கொடுத்தவள் இவள்தானே? கையை விரித்து, ஒரு சாண், அதோடு இரண்டு விரல், வளர்கிற பிள்ளை என்று இன்னும் ஒரு விரல் சேர்த்துக் காட்டி வாங்கிவந்திருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய கால். போனில் முகத்தைப் பார்த்தாள், சடையைப் பார்த்தாள், பல்லில் போட்ட கம்பியைக்கூடப் பார்த்தாள். எந்தப் பிள்ளை போனில் பாதத்தைக் காட்டும்?

"பாவி நான், பிள்ளை மானத்தை வாங்கிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"இல்ல, கேளுங்க, கேளுங்க" என்று ஹனா அவள் கையைப் பிடித்தாள். "யாரோ ஒரு அத்தை வேற செருப்பு கொண்டுவந்தாங்க. யாரெலி காலை இழுத்துக்கிட்டா. ஞானம்மா வாங்கினது இதுதான், இதைத்தான் போடுவேன்னா. கேக் மேல இருந்த ரிப்பனை எடுத்தா. நான் கட்டினேன், காலையும் செருப்பையும் சேர்த்து. பாவாடை பெருசு, யாருக்கும் தெரியல. எல்லா நடனமும் விரல்லயே ஆடினா. மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுத் தாத்தா, எல்லாரோடயும். கால் முழுக்கக் கொப்புளம். எங்கிட்ட பிளாஸ்திரி இருந்துச்சு, நடக்கிறவ இல்லையா, பூட்ஸுக்குள்ளயே வச்சிருப்பேன். ஒட்டினேன். ஒட்டும்போதும் சிரிச்சா."

தெல்மி அழுகையை விட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள், மறுபடி அழுதாள், இரண்டும் கலந்து விக்கல் வந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன்.

"காலையில இதை வரையச் சொன்னா" என்று ஹனா அந்த அட்டையைப் பிரித்தாள். கேக் பெட்டியின் மூடி. அதில் பேனாவால் சுற்றி வரைந்த இரண்டு பாதம். "கிறிஸ்துமஸ் செருப்புக்கு அளவு இதுதான், ஞானம்மாகிட்ட குடுன்னா."

தெல்மி அட்டையைத் தரையில் வைத்தாள். தன் செருப்பைக் கழற்றினாள். அந்தப் பாதங்களின்மேல் மெதுவாக ஏறி நின்றாள். அவள் காலைச் சுற்றிலும் பேனாக் கோடு வெளியே தெரிந்தது.

"அனிபால், இங்க வா, பாரு. என்னைவிடப் பெருசாயிட்டா. எம் பிள்ளை என்னைவிடப் பெருசாயிட்டாய்யா."

கடற்கரைப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஹனா உடை மாற்றிக்கொண்டு பையைத் தோளில் போட்டாள். தெல்மி நின்ற இடத்தை விட்டு நகராமல் அவளைத் தன் பக்கம் இழுத்துக் கட்டிக்கொண்டாள். "நீ எந்த ஊர் பிள்ளையோ. நீ பண்ணினதுக்கு நான் என்ன சொல்லுவேன்? நல்லா இருப்ப மகளே, ரொம்ப நல்லா இருப்ப. போனைக் கையில வச்சிக்கிட்டு நடக்காத, எருமை" என்றாள். ஹனாவும் அழுதாள்.

"சரி, வா, பஸ் நிலையம்வரை நாம ரெண்டு பேரும் போய் ஏத்தி விட்டுட்டு வரலாம்" என்று தெல்மியைக் கூப்பிட்டேன்.

அவள் அட்டையை விட்டு இறங்கவில்லை.

"நீ போய் ஏத்தி விடுய்யா. நான் கொஞ்ச நேரம் பிள்ளையோட நின்னுக்கிறேன்."